கேப்டனோடவா, கேப்டன் இல்லாமலா

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. அம்மாவின் நெஞ்சு நீங்கலாக என்று நீயே சேர்த்துக்கொள். உன் இருமல் விட்டதா? போனில் கேட்டிருக்கலாம். நான் போனை எடுத்தால் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள், நீ எடுத்தால் அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். அதனால் பழையபடி காகிதம். அம்மாவுக்கும் உன் கடிதம் வந்தால்தான் திருப்தி. நான் படித்த பிறகு வாங்கி நாலு தடவை படித்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நெஞ்சில் வால்வு ஒன்று சரியாக மூடுவதில்லையாம். ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும். ஜூன் பதினேழு தேதி கொடுத்திருக்கிறார்கள். நான் அதே ஆஸ்பத்திரியில் கீழே லாண்டரியில் இருப்பவள் என்பதால் டாக்டர் என்னிடம் ஒளிக்கவில்லை. "இந்த வயசுல பயம் இல்லேன்னு சொல்ல மாட்டேன்மா" என்றார். அவர் மேஜை விரிப்பை நான் துவைக்கிறேன், எனக்கு உண்மை சொல்கிறார். சரிக்குச் சரி.

அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். "அதுக்கு முன்னாடி ஒரு தடவ படகுல போகணும். சின்னவன் ஓட்டணும்."

முப்பத்தொரு வருடம் படகுத்துறையில் டிக்கெட் கிழித்தவள் ஒரு நாள்கூடப் படகில் ஏறியதில்லை என்றால் எங்கள் லாண்டரியில் சிரிக்கிறார்கள். படகு ஓடும் நேரம் முழுக்கக் கவுண்டர் திறந்திருக்கும், கவுண்டரை மூடினால் படகும் இல்லை. லீவு நாளில் அந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டாள். நீ கேப்டன் பரீட்சை பாஸ் செய்த அன்று அவள் சொன்னது உனக்கு நினைவிருக்கும். "இனிமே ஏறுனா என் பையன் ஓட்டுற படகுலதான்." இந்த ஆறு வருடத்தில் நீ வந்தது மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள். அதில் ஒரு நாள் தூங்கியே போய்விடும்.

துறைக்குப் பக்கத்தில் வாடகைப் படகுக்காரர்கள் வந்திருக்கிறார்கள். போய் விசாரித்தேன். எட்டுப் பேர் உட்காரலாம், மேலே கூரை உண்டு. மேஜையில் இருந்தவர் தலையைத் தூக்காமல் கேட்டார். "கேப்டனோடவா, கேப்டன் இல்லாமலா?"

"என் தம்பியே கேப்டன்தான்" என்றேன். சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்துகொண்டேன், மறைப்பானேன்.

"அப்ப வேல சுலபம். அவரோட லைசென்ஸ் நகல் ஒண்ணு, போன ஒரு வருஷமா ஓட்டுறாருன்னு கம்பெனி குடுக்குற லெட்டர் ஒண்ணு. ரெண்டையும் கொண்டாங்க, சாவியக் குடுத்துர்றோம்."

இரண்டே காகிதம். மே மாதக் கடைசி ஞாயிறு. லீவுக்கு இப்போதே எழுதிப் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது, மன்னித்துக்கொள். இருமல் போய்விட்டது, கழுத்து வலி வந்திருக்கிறது. அத்தானுக்கு ஷிஃப்ட் மாறிவிட்டதா? அம்மாவைப் படியேற விடாதே.

ஆபரேஷன் என்று படித்ததும் இரண்டு நாள் எதிலும் மனசு போகவில்லை. எழுத உட்கார்ந்தால் எழுத்தும் வரவில்லை.

படகு விஷயம். நான் யோசித்தவரை, அங்கேயே ஒரு கேப்டனை வைத்துக்கொள்வது நல்லது. அந்த ஏரியில் நான் ஒரு தடவைகூட ஓட்டியதில்லை. எங்கே மேடு, எங்கே பாசி என்று தெரிந்த ஆள் வேண்டும். வாடகைப் படகு ஒவ்வொன்றும் ஒரு மாதிரி இழுக்கும், பழகாமல் எடுக்கக்கூடாது. ஏதாவது ஒன்று நடந்தால் இன்ஷூரன்ஸ்காரன் முதலில் கேட்பது ஓட்டியது யார் என்றுதான். அம்மா வேறு நெஞ்சு வலிக்காரி. நடுவில் முடியாமல் போனால் ஓட்டுகிறவன் அவளைப் பார்ப்பானா, தண்ணீரைப் பார்ப்பானா? நீயே சொல்.

இங்கே கூட்டம் அதிகமாகிவிட்டது. ஞாயிறு என்றால் வரிசை டீக்கடை தாண்டி, குழாயடி வரை போய்த் திரும்புகிறது. முதலில் கிளம்புவது எந்தப் படகு என்று கேட்காத ஆள் இல்லை. பலகையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, அதற்கு அடியிலேயே நின்று கேட்கிறார்கள். சாயங்காலம் ரூமுக்குப் போனால் யாரோடும் பேசப் பிடிப்பதில்லை.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல். மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்.

தம்பி


மார்ச் 1

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, தலையணை இல்லாமல் படு.

உன் கடிதத்தில் காரணங்கள் நிறைய இருந்தன. காகிதம் இரண்டையும் காணோம். உறையைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்துவிட்டேன்.

நீ கேட்டதை எல்லாம் வாடகைக்காரரிடம் கேட்டேன். ஏரி தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடக்கிறது, மேட்டுப் பக்கமெல்லாம் சிவப்பு மிதவை போட்டிருக்கிறார்கள். போன வாரம் ஒரு பல் டாக்டர் மனைவி மக்களோடு தானே ஓட்டிப் போய் வந்தாராம். பல் டாக்டர் ஓட்டுகிற ஏரியில் நீ ஓட்ட மாட்டாயா? அறுபது பேரை ஏற்றிக்கொண்டு கடலில் போகிறவன், எட்டுப் பேர் படகுக்கு ஊரான் ஒருத்தனை வைத்துக்கொள் என்கிறாய்.

அம்மாவிடம் நீ எழுதியதை மெதுவாகச் சொன்னேன். "அவன் எதையும் ஜாக்கிரதையாதான் செய்வான்" என்று பெருமைப்பட்டுக்கொண்டாள். பிறகு கடிதத்தை வாங்கி ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தாள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் படித்தாள். அவ்வளவு நேரம் படிக்க அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பெரிய மெஷின் பழுது. ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு, பாதிக்கு மேல் கையால் அலசுகிறோம். வீட்டுக்கு வந்தால் டம்ளரைப் பிடிக்க விரல் மடங்குவதில்லை. நான் இதைச் சொல்லிக்காட்ட எழுதவில்லை. இன்னொரு தடவை எழுத வைக்காதே என்பதற்காக எழுதுகிறேன்.

காகிதத்தை அனுப்பு.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் அம்மாவும் சௌகரியமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. லெட்டர் கொடுக்கிற ஆபீஸ்காரர் லீவில் போயிருக்கிறார். லைசென்ஸைப் பெட்டியில் எங்கேயோ வைத்திருக்கிறேன், தேட வேண்டும்.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. மூன்றரை மணிக்குச் சரியாக முகத்தில் அடிக்கிறது. ஒரு அட்டையைச் செருகி வைத்திருக்கிறேன், காற்றில் விழுந்துகொண்டே இருக்கிறது. வரிசையில் நிற்கிறவர்கள் பாவம், அவர்களுக்கு அட்டைகூட இல்லை. நேற்று ஒரு பெண் கைக்குழந்தையோடு கடைசியில் நின்றாள். கூப்பிட்டு முன்னால் நிறுத்தினேன். இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை, சிரித்து வைத்தேன்.

கேப்டன் விஷயம் நான் சொன்னதையே இன்னொரு தடவை யோசித்துப் பார். உள்ளூர் ஆள் என்றால் எல்லோருக்கும் நிம்மதி.

அம்மா காலில் வீக்கம் இருக்கிறதா? எழுது.

தம்பி


ஏப்ரல் 8

அன்புள்ள தம்பிக்கு,

கால் வீக்கம் சாயங்காலம் வருகிறது, காலையில் போய்விடுகிறது. மற்றபடி நலம்.

நான் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமில்லை. நேற்று வேலை முடிந்து போய்ப் படகைப் பதிவு செய்துவிட்டு வந்தேன். மே முப்பத்தொன்று, காலை பத்து மணி. படிவத்தில் 'ஓட்டுபவர்' என்ற இடத்தில் உன் பெயரைப் போட்டுக் கையெழுத்து நான் போட்டேன். காகிதம் இரண்டும் பின்னால் வரும் என்று சொல்லியிருக்கிறேன். "மே பதினஞ்சுக்குள்ள குடுத்துருங்க, இல்லேன்னா எங்காளு ஒருத்தரப் போட்டுருவோம்" என்றார்.

அம்மா ரப்பர் அடி போட்ட செருப்பு வாங்கிவிட்டாள். அதைப் போட்டுக்கொண்டு காலையும் மாலையும் தாழ்வாரத்தில் நடந்து பழகுகிறாள். பரிசோதனைக்குப் போன இடத்தில் நர்ஸிடமும், ரத்தம் எடுக்கிறவளிடமும், லிஃப்ட்காரரிடமும் சொல்லியாகிவிட்டது. "எம் பையன் ஓட்டுறான்." லிஃப்ட்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேப்டன் எப்போது வருகிறார் என்று கேட்கிறார். உன் அத்தான் தண்ணீர்த் தொட்டியையே எட்டிப் பார்க்காத மனிதர், அவர்கூடக் கரையில் நின்று கையசைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இனி பின்வாங்க இடமில்லை. பெட்டியைத் திறந்து தேடு.

அக்கா


ஏப்ரல் 27

தம்பிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாக இருந்தால் பதில் எழுதியிருப்பாய், இல்லாவிட்டால் அதையாவது எழுதியிருப்பாய்.

பத்தொன்பது நாள். போனும் எடுப்பதில்லை. அம்மா தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசல் பக்கம் நாற்காலியை நகர்த்திக்கொள்கிறாள், அவர் தாண்டிப் போனதும் பழைய இடத்துக்கு நகர்த்திக்கொள்கிறாள். ஒன்றும் கேட்பதில்லை. அவள் கேட்டுவிட்டால் எனக்குத் தேவலை.

நான் களைத்துவிட்டேன். உன்னைத் திட்டுவதற்குக்கூட ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது.

வருவாயா, மாட்டாயா? ஒரு வரி போதும்.

அக்கா


மே 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலம்தானே?

கேப்டனை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு லீவு கிடைப்பது சந்தேகம். நீங்கள் போய் வாருங்கள். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று உனக்குத் தெரியும்.

என்னை மன்னித்துவிடு.

தம்பி


மே 5

சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் இருக்கிறேன், நெஞ்சு அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் அக்கா வேலைக்குப் போயிருக்கிறாள். அவளுக்குச் சொல்லாமல் எழுதுகிறேன். என் எழுத்து டிக்கெட் அடிக்கட்டையில் எழுதிப் பழகிய எழுத்து, பொடிப்பொடியாகத்தான் வரும். வெளிச்சத்தில் வைத்துப் படி.

இந்த ஆறு வருடத்தில் நீ எழுதிய கடிதங்களை எல்லாம் எடுத்துத் தேதிப்படி அடுக்கிப் படித்தேன். முதலில் எல்லாம் நீ காற்றைப் பற்றி எழுதுவாய். இன்று மேல்காற்று, இன்று அலை தூக்கிப் போட்டது, டீசல் வாடை சட்டையை விட்டுப் போகவில்லை என்று எழுதுவாய். போன வருடம் ஜனவரிக்குப் பிறகு காற்று நின்றுவிட்டது. வரிசை வந்துவிட்டது.

ஓட்டுகிறவனுக்கு வரிசை தெரியாது. அவன் படகைக் கொண்டுவந்து நிறுத்தும்போது கதவைத் திறந்துவிட்டிருப்பார்கள், கூட்டமாகத்தான் பார்ப்பான். வரிசை குழாயடி வரைக்கும் போய்த் திரும்புகிறதா, கைக்குழந்தைக்காரி எங்கே நிற்கிறாள் என்பதெல்லாம் கவுண்டரில் இருக்கிறவனுக்குத்தான் தெரியும். முதலில் கிளம்புவது எந்தப் படகு என்று கேப்டனிடம் யாரும் கேட்கமாட்டார்கள். மூன்றரை மணி வெயிலுக்கு நானும் அட்டைதான் செருகினேன். அடியில் ஈரத் துணியை மடித்து வை, விழாது.

நீ கவுண்டரில் இருக்கிறாய். பிப்ரவரியில் வந்த கடிதத்திலேயே எனக்குச் சந்தேகம். அட்டையைப் படித்தபோது தெரிந்துவிட்டது.

ஏன் என்று கேட்கமாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். ஆனால் நான் முப்பத்தொரு வருடம் செய்த வேலையை நீ ஒளித்துவைத்துச் செய்கிறாய் என்று நினைத்தபோது எனக்குக் கொஞ்சம் வலித்தது. அதைச் சொல்லாமல் விட்டால் அதுவும் ஒளிப்பதுதான் என்பதால் சொல்கிறேன்.

சின்னவன் ஓட்டணும் என்று நான் சொன்னது ஒரு நாள் பெருமையில் வந்த பேச்சு. அதை நீ ஆறு வருடமாகச் சுமக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. தப்பு என்னுடையது.

கேப்டனை வைத்துக்கொள்ளலாம். நீ வா. என் இடது பக்கம் உட்காருவாயா, வலது பக்கமா என்று மட்டும் எழுது. எனக்கு வலது காது சரியாகக் கேட்பதில்லை.

அம்மா


மே 11

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தைக் கவுண்டரில் வைத்துத்தான் படித்தேன். 'சிறிது நேரத்தில் திறக்கப்படும்' பலகையைத் தொங்கவிட்டுவிட்டுப் படித்தேன். வெளியே வரிசை கத்தியது. ஈரத் துணி வைத்தேன், அட்டை நிற்கிறது.

சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஜனவரி, மாலை ஐந்தேகால். படகில் அறுபது பேர். பக்கவாட்டில் காற்று. துறைச் சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது ஒருவர் கயிறு கட்டுவதற்கு முன்பே காலை எடுத்து வைத்துவிட்டார். கணக்கு வாத்தியார், தினமும் வருகிறவர், தினமும் அப்படித்தான் இறங்குவார். அன்று காற்று படகைச் சுவர்ப் பக்கம் தள்ளியது. கால் நடுவில் சிக்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விசாரணை வைத்தார்கள். என்மேல் தவறில்லை என்று கையெழுத்துப் போட்டு லைசென்ஸையும் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை நான் படித்தேன். என் கை படிக்கவில்லை. பத்து நாள் கழித்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். நடுத் தண்ணீரில் ஒன்றுமில்லை. துறை கிட்டே வர வர விரல் மரத்துப்போயிற்று. இன்ஜினை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டேன். ஜனங்கள் சத்தம் போட்டார்கள். உதவிக்கு இருந்தவர்தான் படகைக் கரை சேர்த்தார். மறுநாள் நானே போய்க் கரையில் ஒரு வேலை கேட்டேன். கவுண்டர் காலியாக இருந்தது.

அக்காவுக்கு எழுத நினைத்தேன். எழுதினால் நீ படிப்பாய். அதனால் எழுதவில்லை. உன் வேலை என்று வெட்கப்படவில்லை அம்மா. கவுண்டரில் இருந்துகொண்டு என்னைப் படகில் ஏற்றி அனுப்பியவள் நீ. திரும்பக் கவுண்டருக்கே வந்துவிட்டேன் என்று உன்னிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அந்த வாத்தியார் இரண்டு மாதத்துக்கு முன்னால் வரிசையில் வந்து நின்றார், ஊன்றுகோலோடு. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார். என்னை அடையாளம் தெரியவில்லை. கவுண்டருக்குள் இருக்கிறவன் முகத்தை யார் பார்க்கிறார்கள். உனக்குத் தெரியாதா.

இடது பக்கம் உட்காருகிறேன். லீவு கேட்டுவிட்டேன்.

உன் சின்னவன்


மே 15

தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ நலமாக இல்லை என்று இப்போது தெரியும், அதனால் கேட்கவில்லை.

அம்மா உன் கடிதத்தை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நின்றுகொண்டே படித்தேன். முதலில் வந்தது கோபம்தான். பதினாறு மாதமாக நான் லாண்டரி முழுக்கக் கேப்டன் தம்பி, கேப்டன் தம்பி என்று அளந்துகொண்டிருந்திருக்கிறேன். அப்புறம் நீ அந்த வாத்தியாருக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்த இடத்தைப் படித்தேன். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பாத்திரம் கழுவுகிற மாதிரி அழுதேன். பாத்திரம் ஏற்கெனவே கழுவித்தான் இருந்தது.

இன்று கெடு. வாடகைக்காரரிடம் போய் உன் பெயரை அடிக்கச் சொன்னேன்.

"ஏம்மா, தம்பி வரலயா?"

"வர்றான். உக்காந்துட்டு வர்றான்" என்றேன்.

கேப்டனோடு என்று எழுதிக்கொண்டார். ஆனால் ஒன்று சொல்கிறேன், உன் கைக்காக நான் கேப்டன் வைக்கவில்லை. உன் கை சரியாக இருந்தாலும் இப்போது வைத்திருப்பேன். படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. நீ ஓட்டினால் நீ முன்னால் நிற்பாய். அம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்க, மாத்திரை கொடுக்க, மூச்சு வாங்குகிறதா என்று பார்க்க மறுபடியும் நான்தான். கரையில் செய்வதைத் தண்ணீரிலும் செய்வதற்கு நான் எதற்கு வாடகை கொடுக்க வேண்டும்?

நாலு வருடமாக இந்த வீட்டை ஓட்டுகிறேன். என்னிடம் யாரும் லைசென்ஸ் கேட்டதில்லை, லீவும் கொடுத்ததில்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், படகை ஒருத்தர் ஓட்டட்டும், அம்மாவை ஒருத்தர் பார்த்துக்கொள்ளட்டும். நான் சும்மா உட்காருகிறேன்.

முதல் நாளே வந்துவிடு.

அக்கா


ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அம்மாவுக்கு அலைச்சலால் ஒன்றும் ஆகவில்லையே? உன் கழுத்துச் சுளுக்கு விட்டதா? அப்படி ஒரு கோணத்தில் தூங்கினால் சுளுக்காமல் என்ன செய்யும்.

படகில் என்ன நடந்தது என்று பஸ் ஏறும்போது கேட்டாய். நீ அங்கேதான் இருந்தாய் என்று சொல்லலாம், ஆனால் இருந்தாய் என்று சொல்லமுடியாது. கிளம்பிப் பத்து நிமிடத்தில் பையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாய், வாய் திறந்து. எழுப்பப் போனேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். "விடுடா, அவ தூங்கி நான் பாத்ததே இல்ல" என்று தன் சால்வையை எடுத்து உன்மேல் போட்டாள். அதனால் நீ பார்க்காததை எழுதுகிறேன்.

பிறகு அம்மா கேட்டாள். "மொதல்ல எந்தப் படகு கெளம்பும்னு கேட்டா நீ என்ன பண்ணுவ?"

"கட்டவிரலக் காட்டுவேன்" என்றேன். "பலகையப் பாருன்னு."

"நானும் கட்டவிரல்தான்" என்றாள். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. ஒட்டிக்கொண்டு வரும் டிக்கெட்டை எப்படிப் பிரிப்பது, குனிந்து பேசாமல் கம்பிக்குள் வாயை விட்டுக் கத்துகிறவனை என்ன செய்வது, பாத்ரூம் போக நேரமில்லாத ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு வழி வைத்திருக்கிறாள். நான் சொன்ன ஒன்றிரண்டை, "இது எனக்குத் தோணலயே" என்று கேட்டுக்கொண்டாள். "முப்பத்தியொரு வருஷம் இதப் பேச ஒரு ஆள் கெடைக்கல எனக்கு" என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நடுவில் மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன், மாத்திரை கொடுத்தேன். நீ எழுதிக் கொடுத்த நேரத்துக்குத்தான் கொடுத்தேன்.

அக்கரையில் ஒரு கவுண்டர் இருக்கிறது அக்கா. அதை அவள் பார்த்ததே இல்லை. கிட்டே போனதும் உள்ளே இருந்தவனுக்குக் கையசைத்தாள். அவன் நிமிரவே இல்லை. "மூஞ்சியக்கூடத் தூக்க மாட்டேங்குறான், நல்ல வேலக்காரன்" என்று சொல்லித் திருப்திப்பட்டுக்கொண்டாள். இறங்கவேண்டாம், திரும்பலாம் என்றாள்.

திரும்பும்போது அந்தக் கேப்டனையே பார்த்துக்கொண்டு வந்தாள். பேசாத மனிதர், கட்டம் போட்ட சட்டை, முதுகெல்லாம் வியர்வை. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பிச் சொன்னாள். "பாத்தியா. ஏறுனதுலேருந்து அவரு முதுகுதான் தெரியுது. நீ ஓட்டியிருந்தா எனக்கு அதுதான் கெடச்சிருக்கும்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் தண்ணீரைப் பார்த்தேன். பார்க்கமுடியவில்லை.

துறை கிட்டே வந்ததும் என் விரல் மரத்தது. ஓட்டுவது நானில்லை, ஆனாலும் மரத்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நீ விழித்துக்கொண்டு, வந்தாச்சா என்று எழுந்தாய், நினைவிருக்கிறதா? அம்மா உன் புடவையைப் பிடித்து உட்கார வைத்தாள். "கயிறு கட்டட்டும்" என்றாள். உன்னிடம்தான் சொன்னாள், ஆனால் என்னைப் பார்த்துச் சொன்னாள். கேப்டன் குதித்துக் கயிற்றைச் சுற்றினார், இழுத்துப் பார்த்தார், தலையை ஆட்டினார். "இப்ப எறங்கலாம்" என்று அம்மா எழுந்தாள். அவளை நான்தான் கைபிடித்து இறக்கினேன். என் கை அதைச் செய்தது.

நான் இனி ஓட்டுவேனா என்று தெரியாது. ஓட்டவேண்டும் என்றும் இப்போது தோன்றவில்லை. ஒளித்துவைக்க ஒன்றும் இல்லை என்பதே பெரிய ஓய்வாக இருக்கிறது.

மூன்று வாரம் லீவு எழுதிக்கொடுத்துவிட்டேன். பதினாறாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க, மருந்து வாங்க நிற்கிற வரிசை எல்லாம் என் பொறுப்பு. வரிசையின் அந்தப் பக்கமும் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறேன். நீ உன் விரிப்புகளைப் பார், நடுவில் தூங்கு.

அம்மாவுக்கு என் அன்பு. செருப்பைக் கழற்றிவிட்டுப் படுக்கச் சொல்.

தம்பி


ஜூன் 18, காலை, இரண்டாம் மாடி

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. லிஃப்ட்காரரிடம் இதைக் கொடுத்து லாண்டரிக்கு அனுப்புகிறேன்.

அம்மா கண் திறந்துவிட்டாள். டாக்டர் பார்த்துவிட்டுப் போனார், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். நான் இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்ச நேரம் கூரையையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, குரல் வராமல் உதட்டால் கேட்டாள். "கயிறு கட்டியாச்சா?"

கட்டியாச்சும்மா என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாக வா.

தம்பி